விடியற்காலை நீரும் கெண்டை மீனும்

2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7 ஆம் நாள், பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. தமிழ்ச் சங்கக் கட்டிடமும், 2009 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் அவ்வேரியின் பக்கத்தில்தான் இருக்கின்றன. எனவே அது பெங்களூர்த் தமிழர் நன்கறிந்த ஏரி. இத்தகைய செய்தி வந்தவுடன் மக்கள் மனத்தில் முதலில் எழும் ஐயம், 'யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள்' என்பதே. உண்மை பெரும்பாலும் அதனினும் எளியது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. ஏரியில் சேர்ந்த சாக்கடை நீர், மீனுக்கு உரிய பிராணவாயுவை உண்டுவிட்டது.

நேயர்களே, நீருக்குள் வாழும் உயிர் மூச்சு முட்டிச் சாவதா என்று வியக்கலாம். கணக்கைப் பார்த்தால் வியப்பு நீங்கும். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 275 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரிலோ, 25 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தில், சுமார் 8 மில்லிகிராமுக்கு மேல் கரைந்து நில்லாது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் அங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அந்நகரத்து ஏரிகள், நிறைய இடமிருந்தும், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே ஏற்கும். குளிர்ந்த தட்பவெப்பத்திற்காகப் பெங்களூரைப் புகழ்கிறோம். அதன் உயரத்தால் கெண்டை மீனுக்கு வருவது சிறிது நஷ்டமே. இந்த ஏழரையில் ஐந்துக்கு மேல் இருந்தால் கெண்டை இனங்கள் நன்றாகத் தின்று வளரும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒன்றுக்குக் கீழே சில மணி நேரம் நின்றால் சாவு. விரால் மட்டும் பிழைத்துக்கொள்ளும். அது காற்றையும் நேரே சுவாசிக்க வல்லது. சேற்றில் கிடந்தாலும் விரால் சாகாது என்று கிராமத்தில் சொல்வதன் பொருள் இதுவே.

சாக்கடை நீர் என்ன செய்கிறது? அதிலுள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது அவையும் பிராணவாயுவைக் கொள்கின்றன. ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீர் இவ்வகையில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு கேட்கும். 240 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் கழிவுநீரின் பசியைத் தீர்க்க, பெங்களூர் ஏரி நீரில் முப்பத்திரண்டு குடங்களிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். அந்த முப்பத்திரண்டு குடத்தில் இருக்கும் மீனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. காற்றிலிருந்து ஏரிக்குள் பிராணவாயு மீண்டும் இறங்குமே எனலாம். இறங்கும், ஆனால் மிக மெதுவாக. அசையாத நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கைத் தீர்க்க முனைந்த ரசாயன அறிஞர்களில் ஒருவர் பெங்களூரிலேயே பணிபுரிந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. கில்பர்ட் பௌலர் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தின் கழிவுநீர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் சோதனை நிலையத்தில் புட்டிகளில் அடைத்த சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையைக் கண்டார். ஊர் திரும்பியதும் எட்வர்டு ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவரிடம் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். முதன்முறை நீர் முழுவதும் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. சாதாரண ஆராய்ச்சியாளர் அத்துடன் புட்டியைக் கழுவி வைத்திருப்பார். அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே விட்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். இம்முறை விரைவில் தெளிந்தது. மீண்டும் மீண்டும் செய்யச் செய்ய, ஐந்து வாரத்து வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. சேற்றில் பெருகியிருந்த நுண்ணுயிர்களே வேலையாட்கள். 1914 ஏப்ரல் 3 ஆம் நாள் மாஞ்செஸ்டரில் படிக்கப்பெற்ற அக்கட்டுரையிலிருந்து தோன்றிய முறையே இன்று உலகெங்கும் நகரக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1916 இல், பௌலர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக வந்து சேர்ந்தார். பின்னர் அதே கழகத்தில் எஸ். சி. பிள்ளையும், வி. சுப்பிரமணியனும் அச்சேற்றைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, நீர் தெளிவதில் பாக்டீரியாக்கள் மட்டுமல்ல, அவற்றினும் பெரிய ஓரணு உயிரிகளுக்கும் முக்கியப் பங்கு உண்டு என்று 1940களில் அறிவித்தனர். இந்தச் சுப்பிரமணியன்தான் 1950 இல் தொடங்கப்பெற்ற மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். இவ்வளவு வித்தை பிறந்த நகரத்திலேயே ஒரு மார்ச்சு மாதத்தில் ஏரி மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன என்றால், குறை வித்தையில் இல்லை என்பது வெளிப்படை.

நீரிலுள்ள பிராணவாயுவை அளப்பது எங்ஙனம்? இன்று மின்கருவிகள் உண்டு. ஆனால் அவற்றையும் சரிபார்க்கப் பயன்படும் மூலமுறை 1888 ஆம் ஆண்டினது. புடாபெஸ்ட் நகரத்து இளைஞர் லாயோஸ் விங்க்ளர் அதை வகுத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கண்ணாடி மூடியுள்ள 300 மில்லிலிட்டர் புட்டியை, ஒரு காற்றுக்குமிழியும் தங்காதவாறு ஏரி நீரால் நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீஸ் சல்பேட் கரைசலும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் சிறிது சேர்க்க வேண்டும். உடனே புட்டிக்குள் பஞ்சுபோல் ஒரு மண்டி திரளும். நீரில் பிராணவாயு இருந்தால் மண்டி பழுப்பு நிறம், இல்லையேல் வெள்ளை. பழுப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு பிராணவாயு என்று கண்ணாலேயே மதிப்பிடலாம். பிறகு கந்தக அமிலம் சேர்த்தால் மண்டி கரைந்து, பிராணவாயுவின் அளவுக்குச் சரியாக அயோடின் வெளிப்பட்டு நீர் மஞ்சளாகும். அதன்மேல் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுவர, மஞ்சள் வைக்கோல் நிறமாக வெளிறும். அப்போது சிறிது மாவுச்சத்துக் கரைசல் விட்டால் நீர் கருநீலமாகும். இன்னும் சில சொட்டுகளில் நீலம் முற்றும் மறையும். கரைசலின் வலிமையைத் தக்கவாறு அமைத்துக்கொண்டால், 200 மில்லிலிட்டர் நீருக்குச் செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பிராணவாயு என்று நேரே படித்துவிடலாம். பெருக்கல் வகுத்தல் தேவையில்லை. பள்ளி மாணவன் ஒரு முற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. கழிவுநீர் கலந்த ஏரியானால் நைட்ரைட்டு உப்பு கணக்கைக் கெடுக்கும். அதைத் தடுக்கச் சோடியம் அசைடு என்னும் பொருளையும் காரக் கரைசலில் சேர்ப்பது வழக்கம். அது கொடிய நஞ்சு. வாயால் உறிஞ்சி அளக்கலாகாது.

இவ்வளவு திருத்தமான முறை கையில் இருந்தும் நாம் ஏமாறுவது ஒரே காரணத்தால். நீரை எடுக்கும் நேரம் தவறிவிடுகிறது. பச்சைப் பாசி நிறைந்த ஏரியில், பகலில் பாசி சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடும். பிற்பகலில் அளந்தால் லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராமுக்கும் மேலே காட்டலாம். அது நீர் இயல்பாக ஏற்பதினும் அதிகம். இரவில் பாசியும் மூச்சு விடுகிறது, மீனும் விடுகிறது, சேற்றிலுள்ள நுண்ணுயிரும் விடுகிறது. கொடுப்பவர் ஒருவருமில்லை, எடுப்பவரே எல்லாரும். விடியுமுன் கையிருப்பு அற்றுப்போகிறது. அலுவலக நேரத்தில், காலை பதினொரு மணிக்கு, ஒருவர் வந்து புட்டியில் நீர் எடுத்துச் சென்றால் ஏடு சுத்தமாக இருக்கும். மீன் ஐந்து மணிக்கே செத்திருக்கும். நேரம் குறிக்காத பிராணவாயு எண்ணை நாம் எண் என்றே கொள்ளலாகாது.

இனி, மீன் வளர்ப்போர் பக்கம் வருவோம். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் இடா. ஆகையால் ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலை விரித்துக் குஞ்சு சேர்க்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தார்; அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். பின்னர் அச்சுரப்பிக்குப் பதில், சோதனைச்சாலையில் இணைக்கப்பெற்ற ஹார்மோன் மருந்துகள் வந்தன. குஞ்சுப் பஞ்சம் அவ்வாறு தீர்ந்தது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் நன்னீர் மீன்வளர்ப்பு மத்திய நிறுவனத்தின் வட்டார ஆராய்ச்சி மையம் ஒன்றும் இயங்குகிறது. குஞ்சு கிடைத்தது, தீவனம் கிடைத்தது, கடன் வாங்கிக் குளத்தைக் குத்தகை எடுத்தவனின் ஓராண்டு உழைப்பு ஒரு மேகமூட்ட இரவில் போய்விடுவதற்கு இன்னமும் காரணம் நீரே.

பிராணவாயுவின் ஆபத்து விடியலில் என்றால், பிற்பகலில் வேறொன்று காத்திருக்கிறது. மீனின் கழிவும், மிஞ்சிய தீவனமும், சாக்கடையும் நீரில் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. அது நீரில் இரு வடிவில் நிற்கும்: ஒன்று அவ்வளவு தீங்கற்ற அம்மோனிய உப்பு வடிவம், மற்றது செவுள் வழியே புகுந்து கொல்லும் வாயு வடிவம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். எண்ணே. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆனால் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றும் இராது. 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து. 9 ஆனால் நூற்றுக்கு முப்பத்தாறு. பாசி பகல் முழுவதும் கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். எண் ஏறிவிடுகிறது. காலையில் குற்றமற்றிருந்த அதே அம்மோனியா மாலை மூன்று மணிக்குக் கொலைகாரனாகிறது. இதை அறியாமல், மீன் தளர்கிறதே என்று குளத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுவோர் உண்டு. சுண்ணாம்பு நல்ல மருந்துதான். குளம் வறண்டிருக்கையில், மீன் விடுமுன் இடவேண்டிய மருந்து. அம்மோனியா மிகுந்த நீரில் இட்டால் பி.எச். எண்ணை மேலும் ஏற்றி எஞ்சிய மீனையும் கொன்றுவிடும்.

கருவி இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. கையை முழங்கை வரை நீரில் ஆழ்த்தி உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கை நனையுமுன் உள்ளங்கை பச்சையில் மறைந்துவிட்டால் பாசி மிகுதி. அன்றே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துவது நலம். வானம் மூடியிருந்தாலும் அவ்வாறே. காற்றேற்றும் இயந்திரம் இருப்பவர் அதைப் பின்னிரவில் ஓட்டுக. நண்பகலில் ஓட்டினால், நீரில் மிகையாக நிற்கும் பிராணவாயு வெளியேறவும் கூடும், மின்சாரமும் வீண்.

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பெங்களூரின் கழிவுநீர், சுத்தம் செய்யப்பெற்று, கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் அளவு. ஆண்டுக்கணக்காக வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நிற்கிறது. நீர் நிற்குமிடத்தில் மீன் வளர்ப்பும் வரும், வர வேண்டியதே. ஆனால் அங்கே பிராணவாயுவை மட்டும் அளந்தால் போதாது. பௌலரின் முறை அழுகும் பொருளைத் தின்னும். காட்மியத்தையும் ஈயத்தையும் அது தின்னாது. அவை சேற்றிலும், மீனின் ஈரலிலும் செவுளிலும் சேரக்கூடியவை. மீனையே எடுத்துச் சோதனைச்சாலையில் பரிசோதிப்பதுதான் அதற்கு வழி. தின்பவர் அதைக் கேட்டுப் பெறும் உரிமையுடையவர் என்பது நம் கருத்து.

சோதனைச்சாலை நகரத்தில் இருக்கிறது, ஏரி ஊர்ப்புறத்தில் இருக்கிறது, நீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அதன் பிராணவாயு மாறிவிடாதா என்று சிலர் கேட்கலாம். விங்க்ளர் முறையில் அந்தக் கவலை இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கரையில் புட்டியை நிரப்பி, முதலிரண்டு கரைசல்களையும் அங்கேயே விட்டு மூடிவிட்டால், பிராணவாயு மண்டியில் கட்டுண்டுவிடும். புட்டியின்மேல் ஏரியின் பெயரையும், எடுத்த மணியையும், நீரின் வெப்பத்தையும் பென்சிலால் எழுதி, வெயில் படாமல் ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்படலாம். அமிலம் சேர்ப்பதும் சொட்டு எண்ணுவதும் நகரத்திற்குப் போனபின் ஆகட்டும். அன்று முற்பகலுக்குள் செய்தால் போதும்.