நனைந்த தரையும் வெறுங்காலும்

பொறியாளர்களோடு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரிகளும் விடுதிக் காப்பாளர்களும் முன்வரிசையில் அமர்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஓசூரில் கூடியிருக்கிறோம், கல்லிலிருந்தே தொடங்குகிறேன். பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டும் பாரடைசோ கிரானைட் கடல் கடந்து போகிறது. வெளித்தளத்துக்கான பலகை என்றால் அதன்மேல் நெருப்புக் காட்டுவார்கள். சூட்டில் குவார்ட்ஸ் சட்டென்று விரிந்து, மேல்தோல் செதில் செதிலாகத் தெறித்து, கால் பிடிக்கும் சொரசொரப்பு வரும். அம்மி வழவழத்துப் போனால் ஆள் கூப்பிட்டுக் கொத்தச் சொன்ன வீடுகள் நம்முடையவை. அதே வீடுகளின் குளியலறையில் இன்று முகம் தெரிகிற பளபளப்பில் டைல்ஸ் பதிக்கிறோம்.

போர்சலின் ஓடு ஏறத்தாழ 1200 டிகிரியில் வெந்து இறுகியது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்காது. அதுதான் அதன் சிறப்பு. நனைந்த இடத்தில் அதுவே ஆபத்து. மேலே படலமாக நிற்கும் நீரைக் கிழித்துக்கொண்டு ஓட்டின் மேடுகள் பாதத்தைத் தொட வேண்டும். வெறும் தண்ணீருக்குச் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்புப் போதும். சோப்பு நீருக்கு 30, எண்ணெய்க்கு 60 என்பது பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு வழிகாட்டி. கேன்டீன் சமையற்கட்டுக்கும் வரவேற்பறைக்கும் ஒரே ஓட்டை வாங்குவது எவ்வளவு பெரிய தவறு! ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தரையில் பிசுக்காகப் படிவதையும் இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, நம்மைக் குழப்பும் எண்கள். பெட்டியில் 'ஆர் 9' என்று அச்சிட்டிருந்தால் ஒன்பது மதிப்பெண் என்று எண்ணி வாங்குகிறார்கள். ஜெர்மானியச் சாய்தளச் சோதனையில் அதுதான் மிகக் கீழான படி. வரிசை 13 வரை போகிறது. அந்தச் சோதனையில் நடப்பவர் காலில் பூட்ஸ், தரையில் எஞ்சின் எண்ணெய். நாம் குளிக்கப் போவது வெறுங்காலோடு. அதற்கு சோப்பு நீரில் வெறுங்காலால் நடந்து பார்க்கும் வேறு சோதனை உண்டு: 12 டிகிரிச் சாய்வு தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. பதித்த தரையிலேயே அளக்க ஊசல் கருவி இருக்கிறது. நனைத்த தரையில் அது 36-ம் அதற்கு மேலும் காட்டினால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு. 25-க்குக் கீழே போனால் மிக அதிகம்.

நல்ல ஓடும் தேயும். கால் பட்டு மேடுகள் மழுங்கும், பள்ளங்களில் பிசுக்கு அடையும். பதித்த அன்று அளந்ததோடு விடக் கூடாது. அம்மியைப் போலவே தரையையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஓட்டைவிட இடுக்கிலுள்ள சிமெண்ட்தான் முதலில் அரிக்கும். மேஸ்திரி வாட்டம் சரியாக விடாத இடத்தில் தேங்கும் நீரை எந்த ஓடும் ஈடுகட்டாது.

உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழுக்கும் பொருள் தரையில் இருக்கக் கூடாது என்று நம் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவே சொன்னது. ஆனால் விடியற்கால ஷிப்டுக்கு அவசரமாகக் குளிக்கும் பெண்கள் தொழிற்கூடத்தில் அல்ல, விடுதியில் விழுகிறார்கள். அந்தத் தரையை யார் அளக்கிறார்கள்?

கட்டுரை வாசிக்கப்போகும் அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் எழுதும் பரிந்துரையில் இந்த வரி இடம்பெறட்டும்: நனைத்த ஊசல் சோதனையில் 36-க்குக் குறைந்த ஓட்டைத் தண்ணீர் புழங்கும் இடத்தில் பதிக்கக் கூடாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.