தீயணைப்புப் பெரியவர்



நம் தெருவார் 'பயர் சர்வீஸ் தாத்தா' என்று அழைத்த பெரியவர் அண்மையில் மறைந்தார். அன்னாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

ஏப்ரல் 14 நமக்கு அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அவருக்கோ அது இரட்டை நாள். 1944-ஆம் ஆண்டு அதே நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். ஓய்வு பெற்ற பின்னரும் அன்று காலை நிலையத்துக்குச் சென்று அவர்களுக்கு வணக்கம் செலுத்துவார். மாலையில் இங்கு வந்து அண்ணல் படத்துக்கு மாலையிடுவார்.

ஒருமுறை மேலத்தெரு வீடொன்று பற்றி எரிந்தது. அடுக்களை வரை புகுந்து தீயை அவித்தவர் இவரே. பின்னர் அவ்வீட்டார் மற்றவர்க்குச் செம்பில் நீர் தந்து, இவருக்கு மட்டும் கையில் ஊற்ற முற்பட்டனர். "வண்டியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, ஐயா" என்று கூறி நடந்துவிட்டார். இதனை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. உடன் சென்ற ஓட்டுநரே சொன்னார்.

இரவுப் பணி முடிந்து வந்தாலும், உறங்காமல் மூன்று பெண்மக்களையும் பள்ளியில் விட்டு வருவார். அவர் குடிசை வாசலில் எப்பொழுதும் ஒரு வாளி மணல் இருக்கும். அதைக் கேலி செய்த சிறுவருள் நானும் ஒருவன். அவ்வாளி இன்று நம் சங்க மாலைப் பள்ளியின் வாசலில் இருக்கிறது; உள்ளே அவருடைய மூத்த மகள் கணக்குக் கற்பிக்கிறார்.