மீந்த கோழியில் ஒரு சூப்

(தீபாவளிக்கு மறுநாள் நம் குடியிருப்பு சந்திப்பில் பேசியது)

பேங்க்கில் லெட்ஜர் எழுதி ரிட்டயர் ஆனவன் சமையல் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் நேற்றைய கோழி மீந்திருக்கும். போன தீபாவளிக்கு வறுத்த கோழியை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டேன். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சூப் கொடுத்தேன். பேரனுக்கு இரண்டு நாள் வாந்தி. கொதித்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் போகாது என்று டாக்டர் சொன்னார். அதனால் சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மழையில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் வரை தாங்கும். செக்குக்கு 3 மாதம், கோழிக்கு 3 நாள்.

சூப்புக்குக் கடித்த எலும்பு வேண்டாம். கழுத்து, முதுகு, நெஞ்செலும்பு போதும். சதையைப் பிய்த்துத் தனியே வையுங்கள். எலும்போடு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, தட்டின இஞ்சி, சீரகம், மஞ்சள். சிறு தீயில் முக்கால் மணி நேரம். அவசரமென்றால் குக்கரில் ஐந்து விசில், ருசி கொஞ்சம் குறையும். வடிகட்டி, சதையைப் போட்டு மறுபடி தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மிளகுத்தூளும் கொத்தமல்லியும் இறக்கும்போது. உப்பு கடைசியில்தான், வறுவலிலேயே உப்பு இருக்கிறது.

இன்று காலை பேரன் இரண்டு டம்ளர் குடித்தான். வாயில் வைப்பதற்கு முன்னால், "எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில வெச்சீங்க, தாத்தா?" என்று கேட்டுக்கொண்டான்.