சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு ஷேக்கர்: அமினோ யாருக்கு வேணும்?

இந்த எபிசோடை நான் சென்னையில இருந்து பேசல, ஊர்ல இருந்து பேசுறேன். அய்யலூர். திண்டுக்கல்ல இருந்து திருச்சி ரோட்டுல வடமதுரை தாண்டினதும் வர்ற ஊர். பல பேருக்கு வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைன்னு சொன்னாத்தான் தெரியும். இன்னைக்கு வியாழன். பின்னாடி ஆடு கத்துறது கேட்டா எடிட்டரைத் திட்டாதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். என் சித்தப்பா பையன் போலீஸ் வேலைக்குத் தயாராகிட்டு இருக்கான். விடியக்காலையில வெறும் வயித்துல 1500 மீட்டர் ஓட்டம், சாயங்காலம் ஜிம். பத்து மணிக்கு மூணு இட்லி, ரெண்டு மணிக்கு சாப்பாடு. நடுவுல ஒரு ஷேக்கர்ல ரோஸ் கலர் தண்ணி. என்னடா இதுன்னு கேட்டேன். "அமினோண்ணே. ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல இதைக் குடிக்கலைன்னா மசில் கரைஞ்சிடும்னு மாஸ்டர் சொன்னாரு." ஒரு டப்பா ரெண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அவன் இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்கல. காசு சித்தப்பாவோடது.

மாஸ்டர் சொன்னது சுத்தப் பொய்யான்னா, இல்லை. அதனாலதான் இது ஒரு முழு எபிசோடு.

தசைங்கறது கட்டி முடிச்சு பால் காய்ச்சின வீடு இல்லை. நாள் முழுக்க ஒரு பக்கம் இடிஞ்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் கட்டிக்கிட்டே இருக்கும். சாப்பிட்டதும் கட்டுற வேலை வேகமாகும். சாப்பிடாத நேரத்துல இடியுறது கொஞ்சம் முந்தும். அடுத்த சாப்பாட்டுல அது சரியாகிடும். எல்லா மனுஷனுக்கும் இப்படித்தான் ஓடுது.

2010ல பிரிட்டன்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 48 கிராம் வே புரோட்டீன் குடிக்க வச்சு, தசை கட்டுற வேகத்தை அளந்தாங்க. வேகம் ஏறுச்சு, ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் இறங்க ஆரம்பிச்சு பழைய நிலைக்கே வந்துடுச்சு. இத்தனைக்கும் ரத்தத்துல அமினோ அமிலம் இன்னும் நிறைய இருந்துச்சு. அதாவது சைட்டுல செங்கல் குவிஞ்சு கிடக்கு, கொத்தனார் கிளம்பிட்டார். அப்போ நடுவுல லியூசின் கொடுத்து அவரைத் திரும்பக் கூப்பிட முடியுமான்னு 2011ல எலிகள்கிட்ட பார்த்தாங்க. வேலை கொஞ்சம் நீடிச்சுது. "சாப்பாட்டுக்கு நடுவுல அமினோ"ங்கற யோசனைக்கு பெரிய தெம்பு கொடுத்தது இந்த எலி ஆய்வுதான்.

ஆனா தம்பி குடிக்கிறது பி.சி.ஏ.ஏ. அதுல மூணே மூணு அமினோ அமிலம்: லியூசின், ஐசோலியூசின், வேலின். நம்ம உடம்பு தானா தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் மொத்தம் ஒன்பது. கோடு எழுதுறவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடுவேன்: ஒன்பது டிபெண்டன்சி கேக்குற பில்டுக்கு மூணை மட்டும் கொடுத்து ரன் பட்டனை அமுக்குறீங்க. லியூசின் அந்த ரன் பட்டன்தான், சந்தேகமே இல்லை. மீதி ஆறு எங்கிருந்து வரும்? வெளியில இருந்து வரலைன்னா, இருக்கிற தசையை உடைச்சுத்தான் எடுக்கணும். எதைக் காப்பாத்தக் குடிச்சோமோ அதையே! ராபர்ட் உல்ஃப்ங்கற ஆய்வாளர் 2017ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிட்டு, பி.சி.ஏ.ஏ. மட்டும் குடிச்சா மனுஷனுக்கு தசை வளரும்ங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினார். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல, எடை தூக்கினதுக்கு அப்புறம் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடிச்சவங்களுக்கு தசை கட்டுற வேகம் 22 சதவீதம் கூடுச்சு. கூடுச்சுதான். ஆனா அதே அளவு லியூசின் இருக்கிற முழு புரதத்துல கிடைச்சதுல ஏறக்குறைய பாதி.

அப்போ நடுவுல குடிக்கிறது யாருக்குமே வேலை செய்யலையா? செஞ்சிருக்கு. ஜிம்முல இல்லை, கட்டில்ல.

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டன்ல, 2004ல வெளிவந்த ஆய்வு. நல்லா ஆரோக்கியமா இருக்கிற ஆண்களை 28 நாள் படுக்கையிலேயே வச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான சாப்பாடு மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோட சேர்த்து தினம் மூணு வேளை, ஒன்பது அமினோ அமிலமும் இருக்கிற 16.5 கிராம் கலவை, கூட 30 கிராம் மாவுச்சத்து. சும்மா சாப்பிட்ட குழுவுக்கு கால் தசை குறைஞ்சுது. கலவை குடிச்ச குழுவுக்கு அப்படியே நின்னுச்சு. வலு ரெண்டு குழுவுக்கும் போச்சு, ஆனா குடிச்சவங்களுக்கு பாதிதான் போச்சு.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது 2013ல ஓரிகன்ல இருந்து வந்தது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செஞ்ச வயசானவங்க. அறுவைக்கு ஒரு வாரம் முன்னாடியும் ரெண்டு வாரம் பின்னாடியும், சாப்பாட்டுக்கு நடுவுல தினம் ரெண்டு வேளை 20 கிராம் அமினோ கலவை. ரெண்டு வாரம் கழிச்சு தொடைத் தசையை அளந்தா, குடிக்காதவங்களுக்கு சுமார் 14 சதவீதம் கரைஞ்சிருந்துச்சு, குடிச்சவங்களுக்கு சுமார் 3 சதவீதம். சின்ன ஆய்வு, முப்பது பேருக்கும் கம்மி. வயசானவங்களைப் பத்து நாள் படுக்க வச்ச இன்னொரு ஆய்வுல தசை அளவு பெருசாக் காப்பாத்தப்படல, ஆனா எழுந்து நடமாடுற திறன் கம்மியாத்தான் போச்சு. இவங்க யாரும் குடிச்சது பி.சி.ஏ.ஏ. இல்லைங்கறதைக் குறிச்சுக்கோங்க. டப்பா வாங்கினா இ.ஏ.ஏ.ன்னு போட்டிருக்கா, ஒன்பது பேரும் இருக்கா, இதைப் பாருங்க.

இப்போ நம்ம தட்டுக்கு வருவோம். அரிசியில லியூசின் தாராளமா இருக்கு. அரிசிப் புரதத்துல குறையுறது லைசின். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில அனுரா குர்பாட் குழு, இந்திய ஆண்களை வச்சே லைசின் தேவையை அளந்துச்சு. 1985ல உலக அளவுல கிலோவுக்கு 12 மில்லிகிராம் போதும்னு இருந்த கணக்கு, 2007 அறிக்கையில 30 ஆச்சு. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம். 300 கிராம் அரிசியில சுமார் 0.8 கிராம்தான் வரும். கூட 50 கிராம் துவரம்பருப்பு, ரெண்டு முட்டை சேர்ந்தா கணக்கு தாண்டிடும். நம்ம தட்டுல குறையுறது லைசின், கடையில விக்கிறது லியூசின். எனக்கு இதுல இன்னும் ஆச்சரியம் அடங்கல.

ஒரு சின்ன வரலாறு, பொறுத்துக்கோங்க. அமினோ அமிலம் சேர்க்கிறது நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. 1960களோட கடைசியில மாடர்ன் பிரெட்ல லைசின் கலந்தாங்க. உலகமே "புரதப் பஞ்சம்"னு பேசின காலம். அப்போ ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல சேலத்துக்காரர் சி. கோபாலன் வேற மாதிரி யோசிச்சார். அந்த நிறுவனமே 1918ல நம்ம குன்னூர்ல ஆரம்பிச்சதுதான், 1958லதான் ஹைதராபாத் போச்சு. ஊட்டம் குறைஞ்ச குழந்தைகளுக்கு 14 மாசம் தினம் 310 கலோரி கூடுதலாக் கொடுத்தாங்க, அதுல புரதம் வெறும் 3 கிராம். குழந்தைங்க உயரமும் எடையும் மத்தவங்களைவிட நல்லா கூடுச்சு. 1973ல வெளிவந்த ஆய்வு இது. சாப்பாடே பத்தலைன்னா உடம்பு புரதத்தை அடுப்புல போட்டு எரிக்குது. விறகு இல்லைன்னு வாசக்கதவை உடைச்சு எரிக்கிற மாதிரி.

அந்தக் குழந்தைங்க வேற, தம்பி வேற. ஆனா வெறும் வயித்துல ஓடிட்டு மூணு இட்லியோட நிறுத்துறவனுக்கு இந்தக் கணக்குதான் பொருந்தும். அவன்கிட்ட சொன்னது இதுதான்: அந்தப் பத்து மணி இட்லியோட ரெண்டு அவிச்ச முட்டை, கூட சாம்பாரைப் பருப்பு தெரியுற மாதிரி ஊத்தச் சொல்லு. அஞ்சு மணிக்கு ஒரு கை வறுத்த கடலை. எடை தூக்குறவங்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் தெரியுதுன்னு 2018ல 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவங்க சொல்றாங்க. அதைத் தட்டுலயே நெருங்கலாம். "ஜிம்முல எல்லாரும் குடிக்கிறாங்கண்ணே"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

டப்பாவுக்குள்ள என்ன இருக்குங்கறதும் ஒரு கேள்வி. கேரளாவுல டாக்டர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழு 2024ல 36 புரதப் பவுடர்களைச் சோதிச்சப்போ, ஏறக்குறைய 70 சதவீதத்துல லேபிள்ல போட்ட புரத அளவு சரியா இல்லை. அது புரதப் பவுடர், அமினோ இல்லை. ஆனாலும் லேபிளை அப்படியே நம்ப முடியாதுன்னு தெரியுது. அதே வருஷம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தசை வளர்க்க பவுடர் வேண்டாம்னுதான் வழிகாட்டுச்சு.

எனக்கு உண்மையா கவலை அப்பத்தாவைப் பத்தித்தான். இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல படுத்திருக்காங்க. வர்றவங்க எல்லாரும் சொல்றது, "படுத்திருக்கிற உடம்பு, செரிக்காது, கஞ்சி மட்டும் குடுங்க." மூணு வேளையும் கஞ்சி, நடுவுல டீ, ரஸ்க். கால் குச்சியாகிட்டு வருது. வயசானவங்க விழுந்தா அப்புறம் எழுந்து நடக்காமப் போறதுல இந்தக் கஞ்சிக்கும் பங்கு இருக்கு.

20 கிராம் அமினோ கலவையில இருக்கிறதை முட்டையில எடுக்கணும்னா ஒரு வேளைக்கு ஏழு முட்டை. அப்பத்தா ஒரு முட்டையையே பாதியில வச்சிடுறாங்க. இந்த இடத்துலதான் ஷேக்கருக்கு அர்த்தம் வருது: பசி இல்லை, அளவு சின்னதா இருக்கணும், அடுத்த சாப்பாட்டைக் கெடுக்கக் கூடாது. முதல்ல கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்து, டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டோம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கு புரதம் கூட்டுறது ஆபத்து, அதனால இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. அவர் சரின்னு சொன்ன அளவுல, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும். செம கசப்பு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுக்கிறோம். கஞ்சியில பாசிப்பருப்பு சேர்த்தாச்சு. பிசியோதெரபி பண்றவர் வாரம் மூணு நாள் வந்து நிக்க வைக்கிறார். கால் வேலை செய்யாம எந்தப் பவுடரும் தசையை முழுசா நிறுத்தாது, கால்வெஸ்டன்லயும் வலு போகத்தான் செஞ்சுது.

உங்க வீட்டுல யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தா, சாப்பாட்டைப் பத்தி டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. ஓரிகன்ல ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த வாரம் கிரியேட்டின். அதுக்கும் கிரியேட்டினினுக்கும் என்ன சம்பந்தம்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க, பேசலாம்.