குதிரைக்கும் குடும்பம் உண்டு
(சேலம், நாமக்கல் பகுதிக் குதிரை வளர்ப்போரிடையே ஆற்றிய உரை)



ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குச் சென்று குதிரை வாங்கி வருவோர் நம் பக்கத்தில் பலர் உண்டு. வாங்கி வந்ததும் வேப்பமரத்தடியில் ஒற்றையாகக் கட்டி, காலையும் மாலையும் கொள்ளு வைத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். நாளடைவில் அது கடிக்கிறது, உதைக்கிறது, கட்டையைக் கவ்விக்கொண்டு காற்றை விழுங்குகிறது. உடனே திமிர் பிடித்த குதிரை என்று பெயர் சூட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

கட்டுத்தறியே இல்லாத குதிரை எப்படி வாழ்கிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் 1967-இல் ஏற்பட்ட வனவிலங்கு சரணாலயத்தில் மட்டக்குதிரைகள் தன்னிச்சையாகத் திரிகின்றன. எக்காலத்திலோ மனிதரிடமிருந்து பிரிந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. இலங்கையின் நெடுந்தீவிலும் இத்தகைய குதிரைகள் உள்ளன.

வனத்துறை அனுமதியுடன் சென்று, எட்ட உட்கார்ந்து, அசையாமல் பாருங்கள். ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என ஒரு குடும்பம். பொலிகுதிரையே தலைவன் என்று நினைப்போம். ஆனால் தண்ணீருக்குப் புறப்படும்போது பெரும்பாலும் அனுபவமுள்ள பெட்டை ஒன்று முன்னே நடக்கும். பொலிகுதிரை பின்னே வரும். விலகிப்போகும் பெட்டையைக் கண்டால் காதுகளைப் பின்னுக்கு மடக்கி, கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, பாம்புபோல் அசைத்துத் திருப்பிவிடும். வேறு ஆண் வந்தால் எடுத்த எடுப்பில் சண்டையில்லை. இரண்டும் இலத்தியை முகர்ந்து, மூக்கோடு மூக்கு வைத்து, கனைத்து, முன்காலால் தரையை அடிக்கும். பெரும்பாலும் அத்தோடு விலகிவிடும். இரண்டு மூன்று வயதான ஆண்குட்டிகள் குடும்பத்தை விட்டு வெளியேறுகின்றன. அப்போதும் அவை தனியே வாழ விரும்புவதில்லை, தம்மைப் போன்ற இளம் ஆண்களோடு சேர்ந்துகொள்கின்றன. நம் வேப்பமரத்தடிக் குதிரைக்கு அந்தத் துணைகூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவை நாளின் பெரும்பகுதியும் மேய்ந்துகொண்டே இருக்கும். குதிரையின் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. பகலெல்லாம் பட்டினி போட்டு, மாலையில் ஒரேயடியாகக் கொள்ளைக் கொட்டினால் வயிற்றுவலி வந்து உயிரே போகலாம். ஆகவே புல்லோ வைக்கோலோ எந்நேரமும் முன்னே கிடக்கட்டும். கொள்ளை ஊறவைத்துச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். மற்றொரு குதிரை கண்ணில் படும்படி கட்டுங்கள். பிறந்து சில வாரமே ஆன குட்டி தாயின் இலத்தியைத் தின்றால் அடிக்காதீர்கள், அது இயல்பே.

வேண்டாத குதிரையைக் காட்டிலோ சாலையிலோ அவிழ்த்துவிடுவதும் கூடாது. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்லையே இந்த மட்டக்குதிரைகளும் மேய்கின்றன.

குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், காலால் தரையைப் பறித்தாலும், படுத்துப் புரண்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1985 முதல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.