சர்வதேச உத்தியோகஸ்தர் யாருடைய ஆள்?
(கள்ளக்குறிச்சியில் செய்த சொற்பொழிவு)



கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிற தோழர்கள் பலர் இங்கு இருக்கிறார்கள். வெள்ளிமலைத் தோழர் ஒருவர் சற்று முன் நம்மைப் பார்த்து, "ஐக்கிய நாடுகள் சபை உத்தியோகஸ்தரைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே, அதனால் எங்களுக்கு என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்லுகிறோம்.

பெரியம்மை கண்டால் மாரியாத்தாள் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, கடைசியில் குழந்தையைக் குழியில் வைத்துவிட்டு வந்த தேசம் இது. அந்த ஆத்தாள் இப்போது எங்கே? 1975-க்குப் பின் இந்தியாவில் எவர் மேலும் இறங்கக் காணோம். 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்துபோனதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. விரட்டியது பூசாரியின் உடுக்கையல்ல, அம்மைப்பால். வீடுவீடாக நடந்து குத்தியவர்கள் நம் நாட்டுச் சுகாதார ஊழியர்கள். உலக முழுவதற்குமான திட்டத்தை ஜினீவாவிலிருந்து நடத்தியவர் ஹெண்டர்சன் என்கிற அமெரிக்கர். கோடிக்கணக்கில் மருந்தை இனாமாகக் கொடுத்தது சோவியத் ருஷியா. அந்த இரண்டு தேசமும் அணுகுண்டை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த காலம் அது! நடுவில் இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு காரியாலயம் இருந்ததினாலேயே இது சாத்தியமாயிற்று.

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 100-வது விதி, அச்சபையின் ஊழியர் எந்த சர்க்காரிடமும் உத்தரவு கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது என்கிறது. எந்த சர்க்காரும் அவர்களைத் தன் வசப்படுத்தப் பார்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்லுகிறது. விதி நல்ல விதிதான். நடந்தது என்ன? 1952, 53-இல் அமெரிக்காவில் கம்யூனிஸ்டு பீதி கிளம்பியபோது, தங்கள் அரசியலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த அமெரிக்க ஊழியர்களைச் சபையே வேலையிலிருந்து நீக்கிற்று. அவர்களில் பலருக்கு நஷ்டஈடு கொடுக்கத்தான் வேண்டுமென்று 1954-இல் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 1960-இல் ருஷியாவின் முறை. ஒரு காரியதரிசி வேண்டாம், கட்சிக்கு ஒருவராக மூன்று பேர் வேண்டும் என்றார் குருஷேவ். அப்போதிருந்த ஹாமர்ஷெல்டு, சிறிய தேசங்களுக்காக இருப்பேன் என்று ராஜினாமா செய்ய மறுத்தார். மறுவருஷம் காங்கோ விவகாரமாகப் போகையில் விமானம் விழுந்து மாண்டார்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உலக பாங்கியின் தலைவர், தொடங்கிய நாள் முதல் 2025 வரை, அமெரிக்கப் பிரஜையே. சர்வதேச நிதி ஸ்தாபனத்துக்கு ஐரோப்பியரே. குழந்தைகள் நிதியான யூனிசெப்புக்கு 1947 முதல் அமெரிக்கரே. அமைதிப் படை இலாகாவுக்கு 1997 முதல் பிரெஞ்சுக்காரரே. நம் கிராமங்களில் தகப்பனுக்குப்பின் பிள்ளை என்றிருந்த கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-இல் ஒழித்துவிட்டோம். நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் அந்த மிராசு போகவில்லை! கேட்டால் தகுதி, திறமை என்கிறார்கள். வகுப்புவாரி உத்தரவுக் காலத்திலிருந்தே இந்த வார்த்தையைக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். எல்லாப் பிரதேசத்தாருக்கும் இடம் கொடுத்து ஆளெடுப்பதில் கவனம் வேண்டுமென்று சாசனத்தின் 101-வது விதியும்தான் சொல்லுகிறது.

இப்போது காற்று கிழக்கே திரும்பியிருக்கிறது. 2020-இல் ஐக்கிய நாடுகளின் 15 தனி ஸ்தாபனங்களில் நான்கிற்குச் சீனர் தலைவர். வெள்ளைக்காரனுடைய ஏகபோகம் உடைகிறதென்று சிலர் ஆனந்தப்படுகிறார்கள். மலைத் தோழர்களே, உங்கள் மலையை 1976 வரையில் மூன்று ஜாகீர்தார்கள் பங்குபோட்டு வைத்திருந்தார்களே, நான்காவது ஒரு ஜாகீர்தார் வந்து சேர்ந்திருந்தால் உங்கள் வெட்டி வேலை நின்றிருக்குமா?

கூலி கொடுக்கிறவன் கையை மடக்கினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 ஜனவரியில் அமெரிக்கா சுகாதார ஸ்தாபனத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அவ்வருஷமே அங்கே ஆட்குறைப்பு ஆரம்பமாயிற்று. அம்மையை ஒழித்த காரியாலயம் அது.

இடதுபக்கம் இருக்கிற தாய்மார்களுக்கு ஒரு சேதி. 1946 முதல் குட்டேரஸ் வரையில் பிரதம காரியதரிசிகளாக வந்தவர் ஒன்பது பேர். பாதுகாப்புச் சபையில் 'வீட்டோ' உள்ள ஐந்து தேசங்களில் ஒன்று மறுத்தாலும் எவரும் அந்த நாற்காலிக்கு வர முடியாது. ஒன்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை.