அரசனும் அமைச்சரும்



உடல் வேறு, மனம் வேறு, உயிர் வேறு என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களுள் மூன்றாவதையும் நான்காவதையும் இதனை நிறுவுதற்கே அமைத்தார். 'என் உடல்' என்கிறோம். உடைமை வேறு, உடையவன் வேறு ஆதல் வேண்டுமன்றோ?

மனமே உயிர் என்பாரும் உளர். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அந்தக்கரணங்கள், மாயையின் காரியங்கள், தாமே அறியமாட்டாத சடங்கள். ஆயினும் ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், இவற்றின் துணையின்றி ஒன்றையும் அறியாது. அதனால் உயிரை அரசனாகவும் இவற்றை அமைச்சராகவும் வைத்தார் ஆசிரியர்.

உலாப் போந்த அரசன் அரண்மனைக்கு மீள்கின்றான். வாயில்தோறும் காவலரை நிறுத்திவிட்டு, இறுதியில் தனியனாய் அந்தப்புரம் புகுகின்றான். உயிரும் அவ்வாறே. நனவில் புருவ நடுவில் 35 கருவிகளோடு நிற்கும். ஞானேந்திரியம், கன்மேந்திரியம் ஆகிய பத்தும் நீங்க, கனவில் கண்டத்தில் 25. உறக்கத்தில் இதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே. பேருறக்கத்தில் உந்தியில் இரண்டு. உயிர்ப்படக்கத்தில் மூலாதாரத்தில் ஒன்று.

1953 ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர், உறங்குவோரின் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் வேளை ஒன்று உண்டென்றும், அவ்வேளையில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறுவர் என்றும் வெளியிட்டனர். உடனே, 'இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்' என்று மேடைகளில் முழங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் அளந்தது உடலின் செயல். மெய்கண்டார் ஆராய்ந்தது உயிரின் நிலை. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கட்டும்.

நேற்று அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு வினா விடுத்தார். முதுமையால் நினைவு குன்றிய அவர் தாயார், பெற்ற மகனையே "நீர் யார்?" என்கிறாராம். "ஐயா, அம்மாவின் உயிர் அங்கேதான் இருக்கிறதா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

"அயர்ந்து உறங்கும்போது நீர் உம் தாயாரை அறிவீரா?" என்றேன்.

"அறியேன். ஆனால் விழித்ததும் அறிவேனே! அவர் மீளவில்லையே!" என்றார்.

மெய்தான். அவர் துயரை ஓர் உவமையால் துடைத்துவிட இயலாது. எனினும், மீளாமை கருவியின் பழுதே அன்றி உயிரின் அழிவு அன்று. அமைச்சர் பிணியுற்றுக் கிடக்கின்றனர். அரசன் உள்ளே இருக்கின்றான். கருவிக்குச் செய்யவேண்டியதை மருத்துவர் செய்க. தாயாரோ மகனை மறந்த நிலையிலும் வினைப்பயன் நுகரும் உயிரே, இறைவன் திருவருளுக்கு உரிய உயிரே. ஆதலின் அவர் செவியில் திருவைந்தெழுத்தை ஓதுக; நெற்றியில் நீறு இடுக. 'இவருக்கு என்ன தெரியப்போகிறது' என்று அவர் எதிரிலேயே பேசுதல் சைவர்க்கு ஆகாது.

இனி, கருவிகள் அனைத்தும் குறைவற நின்றாலும் உயிர் தானே அறிந்துவிடுமோ? அதனை அறிவிப்பவன் ஒருவன் வேண்டும். காந்தத்தின் முன் இரும்பு என்னும் உவமையால் ஐந்தாம் நூற்பா அதனை விளக்குகின்றது. அது நாளை மாலைக்கு உரியது.